கொல்லைப்புற ஊஞ்சல் – ஓர் அறிவியல் நோக்கு

தமிழர் வாழ்வில் ஊசலுக்குத் தனியிடம் உண்டு. சங்க இலக்கியத்தின் தினைப்புனங்களில் அது மரக்கிளையில் ஆடுகிறது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் ஊசல்வரியாக ஒலிக்கிறது. பெண்பாற் பிள்ளைத்தமிழில் நிறைவுப் பருவமாக அமைகிறது. திருமலை நாயக்கர் காலத்தில் மதுரையில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அறியாத தமிழ் மாணவர் இலர். பிள்ளைத்தமிழ் என்னும் அவ்வடிவத்தை இசுலாமியப் புலவர்களும் விரும்பி ஏற்றனர். பாத்திமா நாயகியார் மீதும் பிள்ளைத்தமிழ் பாடப்பெற்றுள்ளது. மதுரைத் திருக்கோயிலின் பொற்றாமரைக் குளத்தருகே ஊஞ்சல் மண்டபம் என்றே ஒரு மண்டபம் நிற்கிறது.

ஊசலின் அழகை இவ்வளவு பாடிய நாம், ஊசலைத் தாங்கும் கால்களைப் பற்றி எழுதியது குறைவு. மணிவாசகர் பொன்னூசலைப் பாடத் தொடங்கும்போதே கால், கயிறு, பலகை என்று உறுப்புகளை முறையாக அடுக்கிச் சொல்கிறார். அந்த வரிசையில் முதலில் நிற்பது கால் என்பது கருதத்தக்கது. அக்காலைப் பற்றியும், அது தாங்கும் விட்டத்தைப் பற்றியும், இரண்டையும் இணைக்கும் மூட்டைப் பற்றியும் எளிய தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணக்கும் இயற்பியலும் தமிழில் இயலாதவை அல்ல என்பதற்கு இஃது ஒரு சிறு சான்றாகவும் அமையட்டும்.

மரம் போய் இரும்பு வந்தது

உசில மரத்தால் பெயர்பெற்ற ஊர் உசிலம்பட்டி. ஊரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் புளியும் வேம்பும் ஆலும் நின்ற காலத்தில் ஊஞ்சலுக்குத் தனியாகச் சட்டம் தேவைப்படவில்லை. உறுதியான கிளையில் வடக்கயிற்றை வீசிக் கட்டினால் போதும். ஓட்டு வீடுகளில் கூடத்தின் தேக்கு உத்திரமே விட்டமாயிற்று. இன்றோ மனைகள் குறுகின. கொல்லைப்புறத்து மரங்கள் வெட்டப்பட்டன. கான்கிரீட் கூரை வார்க்கும்போதே கொக்கி வைக்காத வீடுகளில் பின்னர் துளையிட்டு ஊஞ்சல் மாட்டுவது நல்லதன்று. ஆகவே கொல்லைப்புறத்தில் இரும்புக் குழாய்களால் ஒரு சட்டம் அடித்து ஊஞ்சல் கட்டும் வழக்கம் பெருகிவருகிறது.

இதனை நாம் வரவேற்கவே செய்கிறோம். தெருவில் ஓடியாட வாய்ப்பில்லாத பெண்மக்களுக்குக் கொல்லைப்புறமே விளையாட்டரங்கு. வேறு ஒரு காரணமும் உண்டு. வீட்டில் சேலையைக் கட்டி ஊஞ்சலாடிய சிறுவர் சிறுமியர், துணி முறுக்கிக் கழுத்தை இறுக்கியதால் உயிரிழந்த செய்திகளைத் தமிழ் நாளிதழ்களில் ஆண்டுதோறும் படித்து வருந்துகிறோம். பெற்றோர் அடுப்படியில் இருந்த சில நிமிடங்களில் இவை நிகழ்ந்துவிடுகின்றன. சேலை ஊஞ்சலுக்கு மாற்றாக ஒரு நல்ல ஊஞ்சல் அமைவது அவ்வகையில் உயிர்காக்கும் செயல். ஆனால் அந்த நல்ல ஊஞ்சல் உண்மையிலேயே நல்லதாக இருத்தல் வேண்டும்.

குறிஞ்சிக்கலியில் ஒரு தலைவி ஊசலிலிருந்து கைநழுவி விழுபவள்போல் நடிக்கிறாள். தலைவன் தாங்கிக்கொள்கிறான். இலக்கியத்தில் தாங்குவதற்குத் தலைவன் இருக்கிறான். நம் கொல்லைப்புறத்தில் தாங்கவேண்டியது சட்டமும் மண்ணுமே.

எடை ஒன்று, இழுவை மூன்று

பட்டறையில் ஊஞ்சல் செய்யச் சொல்லும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி, “இது எவ்வளவு எடை தாங்கும்?” என்பதாகும். கேள்வி சரியே; ஆனால் அது முழுமையானதன்று. அசையாமல் உட்கார்ந்திருப்பவரின் எடை வேறு. ஆடுபவர் கயிற்றை இழுக்கும் இழுவை வேறு.

ஊஞ்சல் கீழிறங்கும்போது வேகம் கூடுகிறது. வட்டப்பாதையில் விரைந்து செல்லும் உடலை வளைத்துப் பிடித்துக்கொள்ளக் கயிறு கூடுதலாக இழுக்கவேண்டும். நிமிர்ந்த நிலையிலிருந்து 45 பாகை வரை ஆடினால், அடிப்புள்ளியைக் கடக்கும் கணத்தில் இழுவை உடல் எடையைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு. 60 பாகை வரை ஆடினால் சரியாக இரு மடங்கு. துடுக்கான இளைஞர் சங்கிலி கிடைமட்டமாகும்வரை, அதாவது 90 பாகை வரை உந்தினால் மூன்று மடங்கு. நூறு கிலோ எடையுள்ள ஒருவர் 60 பாகைக்கு ஆடும்போது விட்டம் உணர்வது இருநூறு கிலோவை. எனவே “நூறு கிலோ தாங்கும்” என்று உறுதி கூறப்பட்ட சட்டம், நூறு கிலோ ஆளை ஆடவிடத் தகுதியுடையதாகாது.

இந்த இழுவை ஒருமுறை வந்து போவதும் அன்று. ஆறரை அடி நீளச் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல் ஒருமுறை சென்று திரும்ப ஏறத்தாழ 2.8 நொடி ஆகிறது. குழந்தை ஆடினாலும் பெரியவர் ஆடினாலும் இந்நேரம் பெரிதும் மாறுவதில்லை என்பது ஊசலின் இயல்பு. ஒரு சுற்றில் இருமுறை அடிப்புள்ளியைக் கடக்கிறோம். நாள்தோறும் அரைமணி நேரம் ஆடினால், ஓராண்டில் ஏறத்தாழ நாலரை இலட்சம் முறை மூட்டுகள் இழுத்து விடப்படுகின்றன. ஒருமுறை வளைத்தால் முறியாத கம்பி, பலமுறை வளைத்தால் முறிந்துபோவதை அனைவரும் அறிவோம். இரும்பு களைத்துப்போவது என்பது இதுவே. வெல்டிங் ஓரங்களில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றுவதும் இதனாலேயே.

ஊஞ்சலைச் சாய்ப்பது எது?

ஊஞ்சல் விபத்து என்றவுடன் விட்டம் முறிவதையே எண்ணுகிறோம். சட்டம் முழுவதும் முறியாமலே ஆடுபவரோடு சாய்ந்துவிடுவதையும் எண்ணுதல் வேண்டும். இதற்குக் காரணம் பக்கவாட்டு இழுவை. ஊஞ்சல் முன்னே சென்றிருக்கும்போது கயிறு விட்டத்தைக் கீழ்நோக்கி மட்டுமல்லாமல் முன்னோக்கியும் இழுக்கிறது. 60 பாகை ஆட்டத்தில் இந்த முன்னிழுவை, ஆடுபவர் எடையில் ஏறத்தாழ 84 விழுக்காடு வரை உயர்கிறது. நூறு கிலோ ஆளெனில், எட்டடி உயரத்தில் 84 கிலோ விசையோடு முன்னும் பின்னும் மாறிமாறி இழுப்பதற்கு ஒப்பாகும்.

இதனைப் புரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. ஊஞ்சலைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இரு கால்கள் விரிந்து, மேலே ஒன்றுசேர்ந்து, கூரையின் முகட்டைப்போல் தோன்றும். ஆடும் கயிறு அந்த இரு கால்களின் சாய்வுக்குள்ளேயே அசையும் வரை சட்டம் தானே நிலைத்து நிற்கும். கயிற்றின் சாய்வு காலின் சாய்வைத் தாண்டி வெளியேறும் கணத்தில், எதிர்ப்பக்கத்துக் கால்கள் தரையைவிட்டு எழ முயலும். அதனைத் தடுப்பவை சட்டத்தின் தன்னெடையும், காலைப் பிடித்திருக்கும் அடித்தளமும் மட்டுமே.

எட்டடி உயரச் சட்டத்தின் கால்கள் தரையில் ஆறடி விரிந்திருப்பதாகக் கொள்வோம். கயிறு 21 பாகை சாய்ந்தாலே காலைத் தாண்டிவிடும். குழந்தைகள்கூட அதற்கு மேல் ஆடுவர். சட்டத்தின் எடை 50 கிலோ, ஆடுபவர் எடை 100 கிலோ, ஆட்டம் 60 பாகை எனக் கணக்கிட்டால், பின்கால் இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 41 கிலோ விசை மேல்நோக்கித் தூக்குகிறது. கால்களை எட்டடிக்கு விரித்தால் அத்தூக்குவிசை ஏறத்தாழ 16 கிலோவாகக் குறைந்துவிடும். குழாயின் கனத்தைக் கூட்டாமல், கூடுதல் செலவு ஏதும் பெரிதாக இன்றி, கால்களை இரண்டடி அகற்றியதால் மட்டுமே கிடைத்த பயன் இது. ஊஞ்சலின் உறுதி முதலில் காலின் விரிவில் இருக்கிறது. அதன் பின்னரே குழாயின் கனத்தில் இருக்கிறது. இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டுமெனில் இதனையே கொள்க.

அடித்தளம்

தரைமேல் வெறுமனே நிறுத்திய சட்டத்தையோ, செங்கல்லின்மேல் அமர்த்திய சட்டத்தையோ ஆடுவதற்குப் பயன்படுத்தலாகாது. ஒவ்வொரு காலுக்கும் ஓரடி நீளம், ஓரடி அகலம், இரண்டடி ஆழம் கொண்ட குழி எடுத்துக் கான்கிரீட் நிரப்பினால், அந்தக் கட்டியின் எடை மட்டுமே ஏறத்தாழ 135 கிலோ. ஒரே விட்டத்தில் இரண்டு ஊஞ்சல்கள் தொங்கி, இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் ஆடினாலும், ஆறடி விரிவுள்ள சட்டத்தில் ஒரு காலைத் தூக்கும் விசை ஏறத்தாழ 54 கிலோதான். ஆதலின் இந்த அளவு இரு மடங்குக்கு மேற்பட்ட காப்பை அளிக்கிறது. ஒரு விட்டத்தில் இரண்டுக்கு மேல் ஊஞ்சல் கட்டாதிருப்பது நன்று.

மண்ணின் இயல்பையும் கருதவேண்டும். செம்மண்ணும் சரளையும் உள்ள மனையில் இரண்டடி ஆழம் போதுமானது. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் நிலமாயின் நிலை வேறு. கரிசல் கோடையில் வெடித்துப் பிளக்கும். மழையில் பூரித்து எழும். மேலாக வைத்த கான்கிரீட் ஆண்டுக்கு ஆண்டு அசைந்து சாயும். அங்கே மூன்றடி ஆழம் வரை சென்று, அடிப்பகுதியை அகலமாக்கி வார்ப்பது தக்கது. கான்கிரீட்டின் தலை தரைமட்டத்திற்குச் சற்றுக் கீழே இருந்து மண்ணால் மூடப்பெறவேண்டும்; விழும் குழந்தையின் தலை அதில் மோதலாகாது. குழாய் மண்ணுக்குள் இறங்கும் இடமே முதலில் துருப்பிடிக்கும் இடம். அங்கே மேலும் கீழும் அரையடிக்குத் தார் பூசுதல் வேண்டும். வார்த்த கான்கிரீட்டை ஒரு வாரமாவது நனைத்துவரவேண்டும். அதுவரை குழந்தைகளின் பொறுமையைச் சோதித்தே தீரவேண்டும்.

விட்டமும் குழாயும்

எட்டடி நீள விட்டத்தின் நடுவே ஓர் ஊஞ்சல். மேற்சொன்ன இருநூறு கிலோ இழுவை இரு கொக்கிகளில் பகிர்ந்து விழுகிறது. ஐ.எஸ். 1239 என்னும் இந்தியத் தர அளவின்படி அமைந்த நடுத்தர வகைக் குழாய்களைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தோம். ஒன்றரை அங்குலக் குழாயில் தோன்றும் தகைவு, அவ்விரும்பு நிலையாக வளைந்துவிடும் எல்லையை ஏறக்குறைய எட்டிவிடுகிறது. இரண்டங்குலக் குழாயில் அந்த எல்லையின் பாதியளவே எட்டுகிறது. இரண்டரை அங்குலக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே விட்டத்திற்கு இரண்டங்குலம் கீழெல்லை. பெரியவர்களும் ஆடுவர், அல்லது இரு ஊஞ்சல் கட்டப்படும் எனில் இரண்டரை அங்குலமே ஏற்றது. கால்களுக்கு ஒன்றரை அங்குல நடுத்தரக் குழாய் போதும். ஏனெனில் கால் பெரும்பாலும் அமுக்கப்படுகிறது; விட்டமோ வளைக்கப்படுகிறது. குழாய் அமுக்கத்தைத் தாங்குமளவு வளைவைத் தாங்குவதில்லை.

குழாய் வாங்கும்போது இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் நலம். முதலாவது, இத்தர அளவுக் குழாய்களில் வண்ணப் பட்டை இருக்கும். மஞ்சள் இலேசு வகை, நீலம் நடுத்தரம், சிவப்பு கனம். நாம் கேட்க வேண்டியது நீலப் பட்டை. இரண்டாவது, “இரண்டங்குலக் குழாய்” என்னும் சொல் இரு கடைகளில் இரு பொருள் தருகிறது. தண்ணீர்க் குழாய் விற்கும் கடையில் அது உள்விட்டத்தையொட்டிய பெயர். அதன் வெளிவிட்டம் 60 மில்லிமீட்டர், கனம் 3.6 மில்லிமீட்டர். நாற்காலி, கட்டில் செய்யும் குழாயில் அது வெளிவிட்டம். அதாவது 51 மில்லிமீட்டர். 16 கேஜ் தகட்டாலானதெனில் கனம் 1.6 மில்லிமீட்டர்தான். இந்த இரண்டாவது குழாயின் வளைவு வலிமை முதலாவதன் மூன்றில் ஒரு பங்கே. வண்ணம் பூசியபின் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். மலிவு விலை ஊஞ்சல்களின் மறைபொருள் பெரும்பாலும் இதுவே. கடைக்குச் செல்லும்போது ஒரு காந்தம் வேண்டாம். ஓர் அளவுகோலும், குழாயின் வெட்டுமுகத்தைப் பார்க்கும் கண்ணும் போதும்.

மூட்டுகளும் தொங்கல்களும்

விட்டத்தின் நடுவில் மேலிருந்து கீழாகத் துளையிட்டுப் போல்ட்டில் சங்கிலி மாட்டுவது எளிது, ஆனால் தவறு. வளையும் குழாயின் பாரத்தைப் பெரிதும் சுமப்பவை அதன் மேல்விளிம்பும் கீழ்விளிம்புமே. துளை அவ்விரண்டையுமே அறுத்துவிடுகிறது. மழைநீரும் உள்ளே இறங்குகிறது. குழாயைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் தடித்த கிளாம்ப்பே ஏற்றது. இரு தொங்கல்களுக்கும் இடையே இருபது அங்குலமாவது இருக்கவேண்டும். பலகையின் அகலத்தைவிடத் தொங்கல்கள் அகன்றிருந்தால் ஊஞ்சல் முறுக்கிச் சுழல்வது குறையும்.

‘எஸ்’ வடிவக் கொக்கியின் வாய் நன்றாக அடித்து மூடப்பெற்றிருக்கவேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருத்தலாகாது என்பது அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டிடக் கையேடு கூறும் அளவு. அவ்வாயில் துப்பட்டாவின் நூல் சிக்கினாலும் போதும். ஆட்டத்தின் வேகம் மீதியைச் செய்துவிடும். கையால் பற்றும் உயரத்தில் சங்கிலிமேல் இரப்பர்க் குழாயை மாட்டிவிட்டால் விரல் நசுங்காது.

கால்கள் விட்டத்தோடு சேரும் முனையே சட்டத்தின் உயிர்நிலை. குழாயோடு குழாயை வைத்துச் சுற்றி ஓட்டிய வெல்டிங்கை மட்டும் நம்பாமல், கால் அங்குலத் தகட்டை முக்கோணமாக வெட்டி இருபுறமும் சேர்த்தல் வேண்டும். விரிந்த கால்கள் முன்பின் சாய்வைத் தடுக்கும். ஆனால் விட்டத்தின் நீளவாக்கில் சட்டம் கோணிப்போவதைத் தடுக்கா. அதற்குக் காலுக்கும் விட்டத்துக்கும் குறுக்கே ஒவ்வொரு முனையிலும் ஒரு சாய்வுக் கம்பியைச் சேர்க்கவேண்டும். இவ்வாறு சேர்க்கும் கம்பிகளுக்கிடையே மூன்றரை அங்குலத்திற்கும் ஒன்பது அங்குலத்திற்கும் இடைப்பட்ட சந்து உண்டாகாமல் பார்த்துக்கொள்க. சிறு குழந்தையின் உடல் அதில் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் அளவு அது என்பதும் அக்கையேடு தரும் எச்சரிக்கை. திறந்த குழாய் முனைகள் அனைத்தையும் தகட்டால் அடைத்துவிடவேண்டும்.

வெல்டிங் செய்யும் தொழிலாளரின் நலனையும் ஈண்டு மறத்தலாகாது. துத்தநாகம் பூசிய குழாயை அப்படியே வெல்டிங் செய்தால் எழும் வெண்புகை காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். வெல்டிங் செய்யும் இடத்தில் பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் செய்து, பின்னர் அவ்விடத்திற்குத் துத்தநாக வண்ணம் பூசுவதே முறை. நம் குழந்தையின் மகிழ்ச்சிக்காக மற்றொருவர் குழந்தையின் தந்தை நலிவுறுதல் தகாது.

இடமும் தரையும்

ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் விட்டத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு வெற்றிடம் விடவேண்டும் என்பது அக்கையேட்டின் விதி. எட்டடி விட்டமெனில் முன்னே பதினாறு, பின்னே பதினாறு. ஆக முப்பத்திரண்டு அடி. நம் கொல்லைப்புறங்கள் பலவற்றில் அவ்வளவு இடம் இல்லை. அங்கே கிணற்றின் உறைச்சுவர் இருக்கும், துவைகல் இருக்கும், மாடு கட்டும் முளை இருக்கும். எனவே முதலில் இடத்தை அளந்துவிட்டுப் பிறகு விட்டத்தின் உயரத்தை முடிவுசெய்க. இருபத்து நான்கு அடி இடமே உண்டெனில் ஆறடி விட்டம் போதும். உயரம் குறைந்தால் வேகமும் குறையும். சாய்க்கும் விசையும் குறையும். குழந்தைகளுக்கு அதுவே ஏற்றது. பலகைக்கும் பக்கவாட்டுக் காலுக்கும் இடையே இரண்டரை அடியும், இரு ஊஞ்சல்களுக்கிடையே இரண்டடியும், பலகைக்கும் தரைக்கும் இடையே ஓரடியும் இருத்தல் வேண்டும். மேலே மின்கம்பி செல்லும் இடத்தில் இரும்புச் சட்டம் நடுவதை எண்ணியும் பார்க்கலாகாது.

60 பாகைக்கு ஆடும் ஊஞ்சல் அடிப்புள்ளியில் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. விரைந்து மிதிக்கும் மிதிவண்டியின் வேகம் அது. அப்பலகை செல்லும் உயரத்தில்தான் இரண்டு வயதுக் குழந்தையின் முகம் இருக்கிறது. ஆகையால் ஆடுபவரைவிட, ஆட்டத்தைக் காண ஓடிவரும் தம்பி தங்கையருக்கே பேரிடர். கனமான தேக்குப் பலகையும் இரும்பு இருக்கையும் கூடத்துக்கு அழகு. குழந்தைகள் ஆடும் கொல்லைக்கு இரப்பர் அல்லது துணிப்பட்டை இருக்கையே தக்கது. பலகைதான் வேண்டுமெனில் அதன் விளிம்புகளை உருட்டி, இரப்பர் சுற்றுதல் நன்று.

சிமென்ட் தளத்தின்மேல் ஊஞ்சல் அமைத்தல் ஒருபோதும் கூடாது. ஒன்பது அங்குல மணல் நான்கடி உயர வீழ்ச்சி வரைக்கும், அதே அளவு மரச்சில்லுகள் பத்தடி வரைக்கும் தலையைக் காக்கும் என்பது அக்கையேட்டின் கணிப்பு. மிதிபட்டு இறுகிய மணல் கல்லுக்கு ஒப்பாகும்; வாரந்தோறும் கிளறிவிடுதல் வேண்டும்.

சோதனையும் பராமரிப்பும்

குழந்தைகள் ஏறுமுன் மூட்டைகள் ஏறட்டும். மணல் நிரப்பிய ஆறு சிமென்ட் பைகள் ஏறத்தாழ முந்நூறு கிலோ. அவற்றை இருக்கையிருக்கும் இடத்தில் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் விடுக. இறக்கியபின் விட்டம் பழையபடி நேராக நிமிர்ந்ததா, வெல்டிங்கில் வெடிப்பு உண்டா என்று பார்க்க. பின்னர் விட்டத்தில் கயிறு கட்டி, இரு ஆட்கள் முன்னும் பின்னும் சாய்வாக இழுக்கட்டும். கால் அடியில் மண் அசையுமாயின் அடித்தளம் போதாது என்பதறிக.

நம் பகுதிக்கு மழை பெரிதும் வடகிழக்குப் பருவக்காற்றால் வருகிறது. ஐப்பசிக்கு முன் ஒருமுறையும் தை பிறந்தபின் ஒருமுறையும் சட்டம் முழுவதையும் சோதிப்பதை வழக்கமாக்கலாம். கொக்கிகள் உரசித் தேயும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்க; கனத்தில் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் உடனே மாற்றுக. தரையோரத்துக் குழாயைச் சுத்தியலால் தட்டுக. கணீரென்ற ஒலி நலம்; மந்தமான ஒலி துருவின் அறிகுறி. துருவின்மேல் வண்ணம் பூசுதல் நோயை மறைப்பதாகுமேயன்றி மருந்தாகாது.

இவ்வுண்மையை நாடு பெருவிலை கொடுத்து உணர்ந்தது. குசராத் மாநிலத்தின் மோர்பி நகரில் மச்சு ஆற்றின்மேல் தொங்கிய பாலத்தை மக்கள் ‘ஊஞ்சல் பாலம்’ என்ற பொருள்பட ‘ஜூல்த்தோ புல்’ என்றே அழைத்தனர். பழுதுபார்க்கப்பெற்றுத் திறக்கப்பட்ட நான்கே நாளில், 2022 அக்டோபர் 30 அன்று, அது அறுந்து விழுந்தது. 135 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர். துருவேறிய முதன்மை வடம் மாற்றப்படாமல் இருந்ததைப் பின்னர் நடந்த விசாரணை வெளிப்படுத்தியது. பாலம் பெரிது, ஊஞ்சல் சிறிது. ஆனால் பிழை ஒன்றே. கண்ணுக்குத் தெரிவது புதுப்பிக்கப்பட்டது. பாரம் தாங்குவது கவனிக்கப்படவில்லை.

நிறைவாக

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்புவதா என்று கேட்டவரிடம், முதலில் கட்டிவிட்டுப் பிறகு நம்பிக்கை வைக்குமாறு அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக நபிமொழித் தொகுப்பு கூறுகிறது. பாதுகாப்பைச் செய்துமுடித்த பின்னரே தவக்குல் என்னும் பொறுப்பளிப்பு நிறைவுபெறும். குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். “இறைவன் பார்த்துக்கொள்வான்” என்று சொல்லி, செங்கல்லின்மேல் நிற்கும் சட்டத்தில் அவ்வமானிதத்தை ஏற்றுவது நம்பிக்கையாகாது, கவனக்குறைவேயாகும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்விடுமுறையில் உங்கள் தெருவில் உள்ள ஊஞ்சல்களை ஓர் அளவுநாடாவோடு சென்று பாருங்கள். விட்டத்தின் உயரம், கால்களின் விரிவு, குழாயின் வெளிவிட்டம், கொக்கியின் வாய் ஆகிய நான்கை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குறை கண்டால் அவ்வீட்டுப் பெரியவரிடம் பணிவோடு எடுத்துரையுங்கள். ஜமாஅத் பெரியோர்கள், மதரசா, பள்ளி, நூலகம் ஆகியவற்றின் வளாகங்களில் குழந்தைகளுக்கு ஊஞ்சல் அமைக்க முன்வருவார்களாயின், நன்கொடையில் முதற்பங்கை அடித்தளத்திற்கும் மூட்டுக்கும் ஒதுக்குவார்களாக. வண்ணத்திற்கு மிஞ்சியது போதும்.

ஊசலைப் பாடிய மொழி நம்முடையது. அவ்வூசலின் காலை அளக்கவும் அம்மொழியே நமக்குப் போதுமானது. நம் கொல்லைப்புறங்களில் குழந்தைகளின் சிரிப்பு ஆடட்டும், சட்டம் ஆடாதிருக்கட்டும்.